வீழ்ந்த மரமும் கடைசல் பட்டறையும்

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா சூறாவளி இந்நாட்டை ஊடறுத்துச் சென்றபோது, வீழ்ந்த மரங்களைப் பற்றிப் பேசுவது பொருத்தமாக இருந்திருக்காது. மண்சரிவில் புதையுண்டவர்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் வேரோடு சாய்ந்த பலாவுக்காகவோ மாவுக்காகவோ எவரும் கவலைப்பட்டிருக்க முடியாது. வீதியை மறித்துக் கிடந்தவற்றைத் துண்டு துண்டாக அறுத்து ஓரத்தில் ஒதுக்கியதோடு அந்தக் காரியம் முடிந்துவிட்டது. ஆயினும் அவ்வாறு ஒதுக்கப்படும் மரம் இறுதியில் எங்கே போய்ச் சேர்கின்றது என்பதை இப்போதாவது கேட்பது தவறாகாது. ஒரு பகுதி அடுப்புக்கும் வெதுப்பகப் போறணைக்கும் செங்கற் சூளைக்கும் போகின்றது. மற்றொரு பகுதி வீதியோரத்திலேயே கறையானுக்கு இரையாகி உக்கிப் போகின்றது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கிய பின்னரும், 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய கடற்கோளின் பின்னரும் நம் கரையோரங்களில் நடந்ததும் பெரும்பாலும் இதுவே.

புயல் வராத ஆண்டிலும் மரங்கள் வீழ்ந்துகொண்டேயிருக்கின்றன. வீதி அகலிக்கப்படும்போது நிழல் மரங்கள் தறிக்கப்படுகின்றன. மின்கம்பிகளுக்காகக் கிளைகள் வெட்டப்படுகின்றன. வளவிலே புதிய வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது பாட்டன் நட்ட மாமரம் போய்விடுகின்றது. இவற்றில் நெடிய, நேரான, பருத்த துண்டுகள் மரக்காலைக்குப் போய்ப் பலகையாகலாம். வளைந்ததும், கணுவுள்ளதும், குட்டையானதும் எவருக்கும் வேண்டாத பொருளாகின்றது. பலகை அறுப்பவருக்குப் பயன்படாத இத்தகைய துண்டைத்தான் கடைசற்காரர் தேடுகின்றார் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. ஒரு முழ நீளமும் ஓரடி விட்டமும் கொண்ட குற்றி ஒன்றிலிருந்து இரண்டு பெரிய கிண்ணங்களும், எஞ்சும் துண்டுகளிலிருந்து பம்பரமும் மத்தும் மணிகளும் எடுக்கலாம். கிளை பிரியும் கவட்டில் இழைகள் பின்னிக் கிடப்பதால் அங்கே பலகை அறுத்தால் அது முறுகும். அதே கவட்டைக் கடைந்தால் வேறெங்கும் காணமுடியாத கோலம் வெளிப்படும்.

கடைசல் என்ற சொல்லையே சற்று நின்று பார்க்கலாம். தயிரைக் கடைகின்றோம், கீரையைக் கடைகின்றோம், மரத்தையும் கடைகின்றோம். இம்மூன்றுக்கும் ஒரே வினை வந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. மத்தில் கயிற்றைச் சுற்றி இருபுறமும் மாறிமாறி இழுக்க மத்து முன்னும் பின்னும் சுழல்கின்றது. பழைய கடைசற் பொறியும் இதே வேலையைத்தான் செய்தது. இரு முட்டுக்கட்டைகளில் பதித்த இரும்பு முனைகளுக்கிடையே மரத்துண்டு கிடையாகப் பூட்டப்படும். அதன்மீது கயிறு சுற்றப்படும். உதவியாளர் ஒருவர் கயிற்றை மாறிமாறி இழுப்பார். கடைபவர் உளியைப் பிடிப்பார். மரம் தன் பக்கமாகச் சுழலும்போது மாத்திரமே உளி வெட்டும். மறுபக்கம் சுழலும்போது உளியைச் சற்றுப் பின்வாங்க வேண்டும். பாற்கடலை மந்தரமலையால் கடைந்த கதையிற் கூட ஒரு கடைசற் பொறியின் அமைப்பு முழுமையாக இருக்கின்றது. எகிப்தில் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த பெத்தோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சிற்பத்தில் இருவர் இவ்வாறு கயிறிழுத்துக் கடையும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. 'கடைந்தெடுத்த' என்ற அடைமொழியை நாம் இன்று அயோக்கியர்களுக்கு மாத்திரம் ஒதுக்கி வைத்திருப்பது அத்தொழிலுக்குச் செய்த அநீதி என்றே கூற வேண்டும்.

இலங்கையிலும் இத்தொழிலுக்கு நீண்ட வேருண்டு. கண்டி இராச்சிய காலத்து அரக்கு வேலையில் ஒரு பிரிவு கடைசற் பொறியிலேயே செய்யப்பட்டது. சுழலும் மரத்தின்மீது நிறமூட்டிய அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். ஆலவட்டக் காம்புகளும், செப்புகளும், கைபிடிகளும் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக இவ்வாறு உருவாயின. கொழும்பிலே பிறந்த தமிழரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இக்கைவினைஞர்களின் தொழிலுக்கு இடமளித்துள்ளார். மறுபுறத்தில், பேருவளையிலும் இரத்தினபுரியிலும் முஸ்லிம் கல்வெட்டுத் தொழிலாளர்கள் இரத்தினக் கற்களுக்குப் பட்டை தீட்டிய சக்கரமும் வில்லும் கயிறும் கொண்டு முன்னும் பின்னும் சுழற்றப்பட்டதே. ஒரு கை வில்லை இழுக்க மறு கை கல்லைச் சக்கரத்தில் அழுத்தும். மரத்தைக் கடைபவரும் கல்லைத் தீட்டுபவரும் ஒரே பொறியின் இரு வடிவங்களைக் கையாண்டவர்கள்.

நம் வீடுகளில் கடைசல் வேலை எவ்வளவு இருந்தது என்பதை வயதானவர்கள் அறிவர். தொட்டிற் கட்டை, கட்டிற் கால், மத்து, பம்பரம், பெண்பிள்ளைகளின் செப்புச் சாமான், தேரின் உருளைத் தூண்கள், விறாந்தைக் கிராதி என்று அதன் வரிசை நீளும். ஓதும் கைகளில் உருளும் தஸ்பீஹ் மணியும், துளசி மணிமாலையும், கத்தோலிக்கரின் மரச் செபமாலையும் கடைசற்காரரின் சிறு துண்டுகளிலிருந்து வந்தவையே. பின்னர் பிளாஸ்டிக் வந்தது. பம்பரம் பிளாஸ்டிக்காயிற்று, மணியும் பிளாஸ்டிக்காயிற்று, கட்டிற் கால் இரும்புக் குழாயாயிற்று. கடைசற் பட்டறை என்றாலே இரும்பு கடையும் 'லேத்' பட்டறை என்று இன்றைய பிள்ளைகள் எண்ணும் நிலை வந்துவிட்டது.

எனினும் வீழ்ந்த மரம் விறகாவதற்குத் தொழில் நலிந்தது மாத்திரம் காரணமன்று. மரம் வீழ்ந்த முதல் இரண்டு மூன்று வாரங்களில் அதற்கு நேர்வதை நாம் விளங்கிக்கொள்ளாமையே பெருங்காரணம். இதனைச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது.

பச்சை மரத்தினுள் நீர் இரு வகையில் இருக்கின்றது. ஒன்று, இழைக்குழல்களின் உள்வெளியில் தேங்கி நிற்பது. மற்றையது, குழலின் சுவருக்குள்ளேயே ஊறியிருப்பது. முதலாவது நீர் வெளியேறும்போது மரம் பாரம் குறையுமேயன்றிச் சுருங்காது. சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கும்போதுதான் சுருக்கம் தொடங்குகின்றது. அச்சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. நீளவாக்கில் அது இல்லையென்றே கூறலாம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு சுருங்கும். வளையங்களின் சுற்றுத் திசையிலோ அதனைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். சுற்றளவு அதிகமாகவும் ஆரம் குறைவாகவும் சுருங்க முற்பட்டால் உருண்டையான குற்றி என்ன செய்யும்? வெடிக்கும். வெயிலிற் கிடக்கும் எந்தக் குற்றியின் வெட்டுமுகத்திலும் நடுவிலிருந்து வெளியே ஓடும் வெடிப்புக்களுக்கு இதுவே காரணம். வெட்டுமுகத்தின் வழியாக நீர் பக்கங்களைவிடப் பன்மடங்கு விரைவாக வெளியேறுவதால் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். பின்னர் உள்ளே ஊர்ந்து செல்லும். இரண்டு வாரம் வெயிலிற் கிடந்த மாங்குற்றியின் இரு முனைகளிலும் ஒவ்வொரு சாண் வெடித்துப் போயிருந்தால் நடுவில் எஞ்சுவது என்ன?

இதற்கான பரிகாரம் எளியது, செலவும் அற்பம். மரம் அறுபட்ட அன்றே வெட்டுமுகங்களுக்கு உருக்கிய மெழுகையோ பழைய வர்ணத்தையோ தடிப்பாகப் பூசிவிட வேண்டும். குற்றியை நிலத்தில் விடாமல் கட்டைகளின்மேல் நிழலில் ஏற்ற வேண்டும். முடியுமானால் அதே வாரத்தில் நடு நெஞ்சின் ஊடாக நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிட வேண்டும். சுற்றளவு வளையம் அறுந்துவிட்டால் இழுவிசையும் அறுந்துவிடும். நெஞ்சுப் பகுதியை நீக்கிய இரு பாதிகளும் இரு கிண்ணங்களுக்கான கட்டைகளாகும். மாமரத்தைப் போன்ற வயிரம் குறைந்த மரத்துக்கு மற்றொரு ஆபத்தும் உண்டு. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் சிறிது பரவியவுடன் தடுத்து உலர்த்தினால் மரத்தினுள் கறுத்த மைக்கோடுகள் ஓடிய அழகிய கோலம் கிடைப்பதுண்டு. ஒரு மாதம் கவனியாது விட்டால் உளி பட்டவுடன் பிட்டுப் போலப் பொலபொலவென உதிரும்.

பச்சை மரத்தைக் கடைவோர் இரு தடவை கடைகின்றனர். முதற் கடைசலில் கிண்ணத்தின் உருவம் பருமனாக எடுக்கப்படும். சுவரின் தடிப்பு விட்டத்தில் பத்திலொரு பங்கு என்பது அனுபவக் கணக்கு. பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஓரங்குலச் சுவர். ஈரமான மரம் உளிக்கு வெண்ணெய் போல இசையும், நீளமான சுருள் சீவல்கள் பறக்கும், தூசி எழாது. பின்னர் அதனைக் கடதாசிப் பைக்குள்ளோ அதன் சீவல்களுக்குள்ளேயோ புதைத்து நிழலில் வைத்துவிடுவர். மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆகலாம். வாரந்தோறும் தராசில் வைத்து நிறுத்து எழுதி வர வேண்டும். நிறை குறைவது நின்றுவிட்டால் மரம் உலர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது வட்டமாயிருந்த வாய் முட்டை வடிவில் கோணியிருக்கும். சுவரில் மிச்சம் விட்ட அந்த ஓரங்குலம் இதற்காகவே. மீண்டும் பொறியிற் பூட்டிக் கோணலைச் சீராக்கி மெல்லிய சுவராக முடிப்பதே இரண்டாவது கடைசல். பொறுமையில்லாதவருக்கு இத்தொழில் உகந்ததன்று.

இன்றைய மின்மோட்டார்ப் பொறியில் மரம் ஒரே திசையில் இடைவிடாது சுழல்கின்றது. வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. விட்டத்தின் அங்குலத்தை நிமிடச் சுழற்சியால் பெருக்கினால் 6,000 க்கும் 9,000 க்கும் இடையில் வர வேண்டும் என்பர். பத்து அங்குலக் கட்டைக்கு அது 600 முதல் 900 சுற்று. 800 சுற்றில் அக்கட்டையின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 38 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. அதே கட்டையைத் தவறுதலாக 3,000 சுற்றில் ஓடவிட்டால் விளிம்பின் வேகம் 140 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பொன்று உள்ளே இருந்தால் அது வீட்டுக் கூரையைத் துளைக்கும் எறிபொருளாகும். முகக் கவசமின்றிப் பொறியின் முன் நிற்பது துணிவல்ல, அறிவீனம். தொங்கும் சால்வையும், நீண்ட சட்டைக் கையும், காப்பும் அவ்வாறே. தூசியையும் அலட்சியம் செய்யலாகாது. மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருட்களின் முதற் பிரிவிலே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் வெளியான தன் அறிக்கையிற் சேர்த்துள்ளது. வேம்பு நோய் தீர்க்கும் மரம் என்பது உண்மையாயினும் வேப்பந்தூசி மூக்கையும் கண்ணையும் எரிக்கத் தவறுவதில்லை.

எந்த மரம் எதற்கு உகந்தது என்பதில் நம் முன்னோரின் அறிவு நுட்பமானது. உள்ளே கறுத்து இறுகிய பகுதியை வயிரம் என்றும் வெளியே வெளுத்த பகுதியை வெளிறு என்றும் பிரித்துப் பெயரிட்டவர்கள் அவர்கள். கறையானும் வண்டும் முதலிற் தின்பது வெளிற்றையே. பலா கடைசலுக்கு மிக இசைவானது. புதிதாகக் கடையும்போது மஞ்சளாக ஒளிரும் அதன் வயிரம் ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறும். பௌத்த பிக்குகளின் காவிக்குச் சாயம் தந்ததும் அதுவே. நாம் வேலிக் கதியாலாகவே பார்த்துப் பழகிய பூவரசின் முதிர்ந்த வயிரம் கருஞ்சிவப்பாக, நெருங்கிய இழையோடு மினுங்குவது. உணவுக்கு எவ்விதச் சுவையையும் ஏற்றாது என்பதால் தொலைதூர ஹவாய்த் தீவுகளின் பூர்வீக மக்கள் உணவுக் கலங்களைப் பூவரசிற் குடைந்து செய்தனர். வேலியில் நின்ற நம் பூவரசுக்கு அந்தப் பெருமை இங்கே கிட்டவில்லை. இறைச்சிக்கடைக் கட்டையாக வெட்டுக்களைத் தாங்கும் புளி கடைபவரின் உளியையும் சோதிக்கும்.

வீதி அகலிப்பில் அதிகமாகப் பலியாகும் மழைமரத்துக்கு, சிங்களத்தில் மாரா எனப்படும் அந்தப் பெருநிழல் மரத்துக்கு, விசேட குணமொன்று உண்டு. அதன் சுருக்கம் மிகக் குறைவு. பச்சையாகவே ஒரே தடவையில் கடைந்து முடித்தாலும் பெரிதும் வெடிக்காது, கோணாது. பிலிப்பைன்ஸ் தீவுகளும் ஹவாயும் உல்லாசப் பயணிகளுக்கு விற்ற மரத்தட்டுக்களிலும் கிண்ணங்களிலும் பெருந்தொகை இம்மரத்திற் செய்தவையே. அதே மரம் நம் வீதிகளில் வெட்டப்படும்போது அதனை ஏற்றிச் செல்லும் பாரவூர்திக்குக் கொடுக்கும் கூலியையே நாம் பெரிதாக எண்ணுகின்றோம்.

பனையும் தென்னையும் வேறு இனம். அவற்றுக்கு வளையமில்லை, கிளையில்லை. வயிரம் வெளியே, சோறு உள்ளே. தென்னந்தண்டின் வெளிப்புறம் ஒரு கனமீற்றருக்கு 600 கிலோகிராமுக்கு மேல் அடர்த்தி கொண்டிருக்க, நடுப்பகுதி 400 க்கும் குறைந்துவிடும். ஆகவே முழுத் தண்டைக் குடைந்து கலம் செய்ய முனைவது வீண். வெளிப்புறத்திலிருந்து கைபிடி, உருளைத்தடி, பொத்தான், மெழுகுதிரித் தாங்கி போன்றவற்றை எடுக்கலாம். கறுத்த நார்கள் வெளிறிய பின்னணியில் புள்ளியும் கோடுமாகத் தோன்றும் அழகு வேறெம்மரத்துக்கும் இல்லை. ஆனால் அவற்றிலுள்ள சிலிக்கா உளியின் கூரை விரைவில் மழுக்கிவிடும். தீட்டுக்கல்லை அருகிலேயே வைத்திருக்க வேண்டும்.

மலையகத்தில் விறகாகும் மரம் மற்றொன்று. 1867 இல் லூல்கந்துரவில் வர்த்தகத் தேயிலை தொடங்கியதன் பின் விதையிலிருந்து வளர்க்கப்பட்ட பழந்தேயிலைச் செடிகள், மீள்நடுகைக்காக வேரோடு பிடுங்கப்படும்போது அவற்றின் தடித்த அடித்தூர்கள் லயன் அடுப்புக்களிலேயே எரிகின்றன. நூறாண்டு காலம் கொழுந்தெடுக்கப்பட்டு, கவ்வாத்து வெட்டப்பட்டு, முறுகி வளர்ந்த அத்தூர் இறுகிய நுண்ணிழை மரம். மூன்று தலைமுறைத் தொழிலாளரின் கைபட்ட செடியிலிருந்து ஒரு சிறு செப்பைக் கடைந்து வைத்தால் அதனை வாங்குபவருக்குக் கூறுவதற்கு ஒரு கதையும் கூடவே கிடைக்கின்றது.

வடக்கு, கிழக்கிலே வீழ்ந்த மரத்தைக் கையாள்பவருக்கு வேறெங்கும் இல்லாத ஓர் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. இங்கே மரங்களினுள் போர் இருக்கின்றது. எறிகணைச் சிதறலும் துப்பாக்கி ரவையும் பட்ட இடத்தை மரம் ஆண்டுக்கு ஆண்டு தன் புதிய வளர்ச்சியால் மூடிவிடுகின்றது. பத்து, இருபது ஆண்டுகளில் வெளியே வடுவும் தெரியாது போகலாம். அறுக்கும் வாள் அதிற் பட்டால் அலகு உடையும். சுழலும் கட்டையில் உளி பட்டால் விபரீதமாகும். இரும்பைச் சுற்றியுள்ள மரம் நீலக் கறுப்பாகக் கறைபடுவது ஓர் அறிகுறி. ஆயினும் அதை மாத்திரம் நம்பலாகாது. கையடக்க உலோகங்காட்டி கொண்டு ஒவ்வொரு குற்றியையும் பரிசோதித்தே பொறியில் ஏற்ற வேண்டும். பதுங்குகுழிகளிலிருந்து எடுக்கப்பட்ட பழைய புகையிரதச் சிலிப்பர்க் கட்டைகள் குறித்தும் ஒரு வார்த்தை. 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரத சேவை 2014 இல் மீண்டும் ஆரம்பிக்கும் வரையிலான காலத்தில் அக்கட்டைகள் காப்பரண்களுக்கும் வேலிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. பழைய சிலிப்பர்கள் உக்காதிருக்கத் தார் வகை எண்ணெய் ஊட்டப்பட்டனவாக இருக்கலாம். அத்தகைய மரத்தைக் கடைந்து உண்கலம் செய்வது நஞ்சைப் பரிமாறுவதற்கு ஒப்பாகும்; அதன் தூசியும் தீங்கானது.

இங்கே வீழும் மரத்துக்கு மற்றுமொரு கனமும் உண்டு. உயர் பாதுகாப்பு வலயங்களிலிருந்து விடுவிக்கப்பட்ட வலிகாமம் வடக்கில் மக்கள் தம் வீடுகளைத் தேடிச் சென்றபோது அறைகளுக்குள் மரங்கள் நின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் கழித்துத் திரும்பியபோதும், காடு பிடித்த வளவையே பலர் கண்டனர். சுவரைப் பிளந்து வளர்ந்த மரத்தைத் தறிக்காமல் வீடு கட்ட இயலாது. தந்தை நட்டு வைத்த பலாவோ வேம்போ மாத்திரம் இடிபாடுகளுக்கிடையில் அடையாளமாக எஞ்சியிருந்த வளவுகளும் உண்டு. அத்தகைய மரமொன்று வீழ்கையில் அதனை ஒரு சுமை விறகென விலை பேசிக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் இருக்கின்றனர். அதிலிருந்து ஒரு கிண்ணமோ ஒரு தொட்டிற் கட்டையோ கடைந்து தர ஊரில் ஒருவர் இருந்தால் அக்குடும்பத்துக்கு அது அலங்காரப் பொருளாக மாத்திரம் இராது.

விறகு என்று ஒதுக்கப்பட்ட மரம் செல்வமாவது நடவாத காரியமா? இறப்பர் மரத்தைப் பாருங்கள். பால் வற்றியபின் எரிப்பதற்கே அது என்று உலகம் நீண்டகாலம் எண்ணியிருந்தது. வெட்டிய சில நாட்களுக்குள் போரன் உப்புக் கரைசலை ஊட்டி உலர்த்தினால் பூஞ்சணமும் வண்டும் அணுகா என்பது நடைமுறைக்கு வந்தபின் மலேசியா அதனைத் தளபாட ஏற்றுமதிப் பொருளாக்கியது. இலங்கையிலும் இறப்பர் மரத்தில் செய்த விளையாட்டுப் பொருட்கள் வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. மாறியது மரமன்று, வெட்டிய முதல் நாட்களில் அதனை நடத்திய முறையே. கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் வெப்பாலை போன்ற மென்மரத்தைக் கடைந்து, அரக்கு ஏற்றி, தாழை இன ஓலையால் மெருகிட்டுச் செய்யும் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றுப் பல நாடுகளுக்கும் போகின்றன. தாழை நம் கரையெங்கும் நிற்கின்றது.

கெய்ரோவின் பழைய வீடுகளின் சாளர மறைப்புக்களான மஷ்ரபிய்யாக்கள் இதனினும் பொருத்தமான பாடம். நல்ல மரம் அரிதான எகிப்தில், பெரிய பலகைகளுக்குப் பதிலாக விரலளவு துண்டுகளைக் கடைந்து, ஆணியோ பசையோ இன்றி ஒன்றோடொன்று பொருத்தி, ஆயிரக்கணக்கான துண்டுகளால் ஒரு சாளரத்தை ஆக்கினர். வெப்பத்தில் ஒவ்வொரு துண்டும் தன் இடத்தில் சுருங்கி விரிய இடமிருந்தமையால் முழுமை வெடிக்கவில்லை. கழிவு என்று எதனையும் தள்ள இயலாத நாட்டில் பிறந்த கலை அது.

சட்டத்தின் பக்கத்தையும் கூற வேண்டும். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் சொந்த வளவிலுள்ள பலாவையும் அனுமதியின்றி வெட்ட இயலாது. 1907 ஆம் ஆண்டின் வன கட்டளைச் சட்டத்தின் கீழ் பல இன மரங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்ல வழி அனுமதிப்பத்திரம் வேண்டும். இக்கட்டுப்பாடுகளைத் தளர்த்துமாறு நாம் கோரவில்லை. 'வீழ்ந்த மரம்' என்ற பெயரில் நிற்கும் மரத்தை வீழ்த்துவோர் எல்லா மாவட்டங்களிலும் இருக்கின்றனர். கருங்காலியும் முதிரையும் பாலையும் இரவோடிரவாகப் பயணம் செய்வது பொலிஸார் அறியாததன்று. எமது கவலை வேறு. பெரிய பாரவூர்தியிற் கொண்டுபோவோருக்கு அனுமதி எடுக்க ஆளும் பணமும் உண்டு; ஒரு குற்றியைத் துவிச்சக்கர வண்டியில் கட்டிச் செல்லும் கைவினைஞருக்கு அலுவலகம் அலுவலகமாக அலையும் நாளெல்லாம் மரம் வெயிலில் வெடித்துக்கொண்டிருக்கும். அனுமதி கைக்கு வரும்போது மரம் விறகாகியிருக்கும்.

இவ்விடத்திலேயே உள்ளூராட்சி மன்றங்கள் செய்யத்தக்கது உண்டு. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து ஈராண்டுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றிக் கிடந்த சபைகள் 2025 மே மாதத் தேர்தலின் பின் மீண்டும் இயங்குகின்றன. வீதியில் வீழ்ந்த மரத்தை அகற்றும் பணியில் அவற்றின் ஊழியர்களும் ஈடுபடுகின்றனர். அகற்றிய மரத்தைக் குப்பைமேட்டுக்கு அனுப்பாமல் ஓரிடத்தில் சேர்த்து, எங்கிருந்து வந்த எந்த மரம் என்று பதிந்து, பதிவு செய்த கைவினைஞருக்குச் சபையின் பற்றுச்சீட்டோடு சிறு தொகைக்கு வழங்கினால் அப்பற்றுச்சீட்டே மரத்தின் பிறப்புச் சான்றிதழாகும். அதனை வழி அனுமதிக்கு ஆதாரமாக ஏற்பது பற்றிப் பிரதேச செயலகமும் வன அலுவலகமும் கூடிப் பேசித் தீர்க்கலாம். 1982 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய அருங்கலைகள் பேரவை இருக்கின்றது. தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன. தச்சுத் தொழில் கற்கும் மாணவருக்கு மூன்று மாதக் கடைசற் பயிற்சியும் சேர்த்துக் கொடுப்பது பெருஞ்செலவான காரியமன்று. நின்றுகொண்டு நெடுநேரம் வேலைசெய்ய இயலாதவர்களுக்கு, போரிற் காலிழந்தோர் உட்பட, உட்கார்ந்து இயக்கும் உயரத்தில் பொறியை அமைக்கலாம். பழைய கடைசற்காரர் நிலத்தில் அமர்ந்தே கடைந்தவர்.

சந்தையைப் பற்றி மிகையான நம்பிக்கை ஊட்டவும் நாம் விரும்பவில்லை. கடைந்த கிண்ணத்தின் விலையைப் பிளாஸ்டிக் கிண்ணத்தின் விலையோடு ஒப்பிடுபவர் அதனை வாங்கப் போவதில்லை. அதனை வாங்குவோர் வேறு: விருந்தினர் விடுதிகள், புலம்பெயர்ந்து வாழ்வோர், திருமணப் பரிசு தேடுவோர், தம் வளவு மரத்தின் நினைவை வைத்திருக்க விரும்புவோர். அவர்கள் பழுதைப் பொறுக்கமாட்டார்கள். அரைகுறையாக உலர்ந்த மரத்திற் செய்த கிண்ணம் இலண்டனில் குளிர்காலத்தில் சூடேற்றிய அறையில் ஒரு மாதத்துக்குள் வெடித்தால், அடுத்த கிண்ணத்தை அந்த ஊரிலிருந்து எவரும் கேட்கமாட்டார். உண்கலத்துக்கு வாகன வர்ணமும் மலிவு வார்னிசும் பூசுவதையும் தவிர்க்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் ஊறி உலர்ந்து படலமாகும். தேன்மெழுகும் அரக்கும் தீங்கற்றவை. தேங்காயெண்ணெய் ஊறுமேயன்றி உலர்ந்து இறுகாது என்பதால் அதனை அடிக்கடி தடவ வேண்டியிருக்கும்.

மாரி மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழியில் ஓய்கின்றது. மரங்கள் அதிகமாக வீழ்வதும் அம்மாதங்களிலேயே. அதற்கு முன்னதாக ஒரு சபை ஆயத்தஞ் செய்ய வேண்டியவை அதிகமில்லை. நான்கு தூணில் ஒரு தகரக் கூரை, நிலத்திலிருந்து ஒரு முழம் உயர்த்திய அடுக்கு, ஒரு வாளி மெழுகு, ஓர் உலோகங்காட்டி, ஒரு பதிவேடு. எந்த நாள், எந்த வீதி, எந்த மரம் என்ற மூன்றையும் பதிவேட்டில் மாத்திரமன்றிக் குற்றியின் மெழுகு பூசிய முகத்திலும் கரியால் எழுதிவிட வேண்டும். ஆறு மாதத்தின் பின் கடைபவர் அதனைக் கையிலெடுக்கும்போது பட்டை உரிந்து போயிருக்கும், வேம்பையும் மலைவேம்பையும் பிரித்தறிவது கடினமாகிவிடும்.